லண்டனிலிருந்து ரொறன்ரோவுக்கு: பழகிய வீட்டுச் சாமான்களுக்கு மாற்றுத் தேடுவது எப்படி?

பிரித்தானியாவில் பத்து இருபது வருடங்கள் வாழ்ந்துவிட்டுக் கனடாவுக்குக் குடிபெயரும் நம்மவர்கள், வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சாரதி அனுமதிப்பத்திரம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகித்தான் வருகிறார்கள். வந்த முதற்கிழமையில் அவர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் அங்காடியின் மா அடுக்குத்தான். அதே ஆங்கிலம், அதே போன்ற பொதிகள். ஆனால் கேக்குக்கு எந்த மா, பிள்ளையின் காய்ச்சலுக்கு எந்தப் பாணி, தேத்தண்ணிக்கு எந்தப் பால் என்பது விளங்காது. நாங்கள் ஈஸ்ட்ஹாமிலிருந்து ஸ்காபரோவுக்கு வந்தபோது பட்ட அலைச்சலை வைத்து, ஒன்ராறியோவுக்குப் புதிதாக வருபவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஏனைய மாகாணங்களிலும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

புறப்படுவதற்கு முன்: அலுமாரியைப் படம் எடுங்கள்

சாமான்களைப் பொதி செய்வதற்கு முதல், சமையலறை, குளியலறை, மருந்துப் பெட்டி மூன்றிலும் இருக்கும் ஒவ்வொரு பொருளின் பின்பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பெரிதாக உதவாது; பின்பக்கத்தில்தான் சேர்பொருட்களும், கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் அளவுகளும், மருந்தானால் அதன் வேதிப்பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். கடையில் நின்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இந்த எண்களைத்தான். பழைய பெயரையும் பெட்டியின் நிறத்தையும் மறந்துவிட்டு, அந்தப் பொருள் நமது வீட்டில் என்ன வேலை செய்தது என்று கேட்டுப் பார்த்தால், பத்தில் எட்டுக்கு முதல் நாளே விடை கிடைத்துவிடும்.

மின்கேத்தலையும் முடி உலர்த்தியையும் உறவினருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, பிரித்தானியாவில் 230. இங்கு விற்கும் கேத்தல்கள் 1500 வாற்று வரையில்தான் இருக்கும், அங்குள்ளவை 3000 வரை போகும். ஆகவே அங்கு இரண்டு நிமிடத்தில் கொதித்த ஒரு லீற்றர் தண்ணீருக்கு இங்கு நான்கு நிமிடம் எடுக்கும். கேத்தல் பழுதென்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனவர்களில் நானும் ஒருத்தி.

மாவும் சீனியும்: முதலில் இதைச் சரிசெய்யுங்கள்

கேக் அடிக்கும் வழக்கமுள்ள வீடுகளுக்குத்தான் மாற்றம் மிகவும் உறைக்கும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிரித்தானியாவில் சாதாரண கோதுமை மா என்று விற்கப்படுவதில் புரதம் ஏறக்குறைய 9 முதல் 10 சதவீதம் இருக்கும். கனடாவின் ‘ஓல் பேர்ப்பஸ்’ மா, புல்வெளி மாகாணங்களில் விளையும் வன்கோதுமையில் அரைக்கப்படுவதால், அதில் 12 அல்லது 13 சதவீதம் இருக்கும். பாணுக்கும் ரொட்டிக்கும் இது மிக நல்ல மா. ஆனால் அதில் பட்டர் கேக் அடித்தால் இழுவைத்தன்மை கூடி, கத்தி வைக்கும்போதே தெரிந்துவிடும். மகளின் பிறந்தநாளுக்கு நான் முதன்முதலாக இங்கே அடித்த கேக்கை அவளுடைய அப்பா பாண் என்று நினைத்துத்தான் கையில் எடுத்தார்.

கேக், ஷோர்ட்பிரெட், பேஸ்ற்றி வகைகளுக்கு ‘கேக் அண்ட் பேஸ்ற்றி’ என்று எழுதிய மாவை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், ஓல் பேர்ப்பஸ் மாவில் ஒரு கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சோளமா சேர்த்து இரண்டு தரம் அரித்துக்கொள்ளலாம். லண்டனில் ‘கோண்ஃபிளவர்’ என்று சொன்ன அந்த வெள்ளைச் சோளமாவின் பெயர் இங்கு ‘கோண்ஸ்ராச்’ ஆகும். இங்கே ‘கோண் ஃபிளவர்’ என்றால் மஞ்சள் நிறத்தில் அரைத்த சோளத்தைக் கொடுத்துவிடுவார்கள். அது கோண்ஸ்ராச் அளவுக்குக் குழம்பைத் தடிக்கச் செய்யாது.

‘செல்ஃப் றெய்சிங்’ மா சில கடைகளில் இருக்கும், பலவற்றில் இருக்காது. அதைத் தேடி அலையத் தேவையில்லை. 125 கிராம் மாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கால் தேக்கரண்டி உப்பும் போட்டு நன்றாக அரித்துக்கொண்டால் அதே வேலையைச் செய்யும். அப்பச்சோடா இங்கு ‘பேக்கிங் சோடா’ என்ற பெயரில் பெரிய பெட்டிகளில் மலிவாகக் கிடைக்கும். பேக்கிங் பவுடரும் பேக்கிங் சோடாவும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்பட்டிருப்பதால், கையில் எடுத்ததை ஒரு தரம் வாசித்துவிட்டே கூடையில் போடுங்கள்.

‘காஸ்ரர்’ சீனி என்ற பெயரை இங்கு கேட்டால் கடைக்காரருக்கு விளங்காமல் போகலாம். ‘சுப்பர்ஃபைன்’ என்றோ ‘பெரி சுகர்’ என்றோ எழுதியிருப்பதுதான் அது. உண்மையில் இங்குள்ள சாதாரண வெள்ளைச் சீனி லண்டன் சீனியைவிடப் பொடிமணியாகவே இருப்பதால், பெரும்பாலான கேக்குகளுக்கு அதுவே போதும். மெரிங் போன்றவற்றுக்கு மாத்திரம் மிக்சியில் சில விநாடிகள் அடித்துக்கொள்ளுங்கள். ஐசிங் சீனியும் டெமறாறாவும் அதே பெயரில் இருக்கின்றன. கறுப்பு ‘றீக்கிள்’ பாணிக்குப் பதிலாக ‘குக்கிங் மொலாசஸ்’ பாவியுங்கள். ‘ஃபான்சி மொலாசஸ்’ அதைவிட மென்மையானது. கோல்டன் சிரப்பின் இடத்தில் சோளப்பாணியை வாங்கிவிடாதீர்கள். நிறம் ஒன்றுதான், ஆனால் கரும்பின் அந்தச் சுவை அதில் இல்லை.

முட்டையிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பிரித்தானியாவின் பெரிய முட்டை 63 முதல் 73 கிராம் வரை இருக்கும். கனடாவில் ‘லார்ஜ்’ என்பது 56 கிராமிலேயே தொடங்கிவிடும். லண்டனில் எழுதிவைத்த செய்முறைக்கு இங்கு ‘எக்ஸ்ரா லார்ஜ்’ முட்டைதான் பொருத்தம். இங்கு முட்டைகளைக் கழுவியே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். ஓட்டின் இயற்கையான மேற்பூச்சு கழுவும்போது போய்விடுவதால், அங்கு போல மேசையில் வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

போறணையின் குமிழில் பரனைற்றுத்தான் இருக்கும். 160 செல்சியசுக்கு 325, 180க்கு 350, 200க்கு 400 என்று ஒரு துண்டில் எழுதிப் போறணைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். லண்டனில் காற்றாடியுள்ள போறணையில் 160இல் வேகவைத்தவர்கள், காற்றாடியில்லாத போறணைக்கு 180 என்று கணக்கெடுத்து 350இல் வைக்க வேண்டும்.

பாலும் கிறீமும்: நிறத்தை விட்டு எண்ணைப் பாருங்கள்

நீல மூடி, பச்சை மூடி, சிவப்பு மூடி என்று பழகிய கண்ணுக்கு இங்கே கொழுப்பின் சதவீதம்தான் வழிகாட்டி. நீல மூடிக்கு 3.25 என்று எழுதிய, கடைகளில் ‘ஹோமோ’ என்று அழைக்கப்படும் பாலும், பச்சை மூடிக்கு 2 சதவீதப் பாலும், சிவப்பு மூடிக்கு ‘ஸ்கிம்’ பாலும் ஈடாகும். ஒன்ராறியோவில் 4 லீற்றர் பால் மூன்று பைகளாகப் பிரித்து ஒரு பெரிய பைக்குள் வரும். அதற்கென்று விற்கும் பிளாஸ்ரிக் சாடியில் ஒரு பையை நிறுத்தி, கீழே ஒரு தட்டுத் தட்டி அமர வைத்த பிறகு, ஒரு மூலையைச் சிறிதாகக் கத்தரியுங்கள். பெரிதாகக் கத்தரித்தால் கோப்பைக்குள் விழுவதைவிட மேசையில் விழுவது கூடுதலாக இருக்கும்.

கிறீமுக்கும் இதே கணக்குத்தான். லண்டனின் ‘சிங்கிள் கிறீம்’ 18 சதவீதம். இங்கு அதே 18 சதவீதத்தில் ‘ரேபிள் கிறீம்’ இருக்கிறது. ‘டபிள் கிறீம்’ 48 சதவீதம். அங்காடிகளில் அதற்குக் கிட்ட வருவது 35 சதவீத ‘விப்பிங் கிறீம்’ மாத்திரமே. அடித்து நுரைக்க வைப்பதற்கு அது போதும். ஆனால் கொதிக்கும் சோஸில் ஊற்றினால் திரையக்கூடும் என்பதால், அடுப்பை இறக்கிய பிறகு சேருங்கள். பட்டர் 454 கிராம் கட்டியாக வரும். கேக்குக்கு ‘உப்பில்லாதது’ என்பதைத் தேடி எடுங்கள்.

ரின்களும் தேயிலையும்

இங்கு ரின்களில் நிறைக்குப் பதிலாகக் கனவளவே எழுதப்பட்டிருக்கும்: 398, 540, 796 மில்லிலீற்றர். லண்டனின் 400 கிராம் தக்காளி ரின்னுக்கு 398 மில்லிலீற்றர் ரின் சரி. ஆனால் ரின்பாலுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. பால் ரொபி கிண்டுவதற்கு 397 கிராம் ரின்னை அளவாக வைத்திருப்பவர்கள், இங்குள்ள 300 மில்லிலீற்றர் ரின்னைப் பார்த்துச் சிறியது என்று நினைத்து இரண்டு வாங்கிவிடுகிறார்கள். ரின்பால் தண்ணீரைவிட அடர்த்தியானது. அந்த 300 மில்லிலீற்றரின் நிறை ஏறக்குறைய 390 கிராம். ஒன்றே போதும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பயற்றங்காய் விதை போன்ற வெள்ளை பீன்ஸ் ரின்னை வாங்கும் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழகிய அதே நிறுவனத்தின் பெயர் போட்ட ரின்களிலேயே சிலவற்றில் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும், சிலவற்றில் மொலாசஸ் பாணி இருக்கும். ‘தக்காளிச் சோஸில்’ என்று எழுதியதையும் சேர்பொருட் பட்டியலை வாசித்துவிட்டே எடுங்கள். நீலப்பச்சை நிறத்து லண்டன் ரின், பெரிய அங்காடிகளின் வெளிநாட்டு உணவு அடுக்கில் கூடிய விலைக்குக் கிடைக்கும்.

தேயிலைப் பெட்டிகளில் ‘ஒறேஞ் பீக்கோ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தோடம்பழ வாசனை என்று பயப்படாதீர்கள். அது இலையின் தரத்தைக் குறிக்கும் பழைய வர்த்தகப் பெயர். இங்கு பெருவாரியாக விற்கும் பைகள் லண்டன் பைகளைவிட இளசான சாயமே தரும். தண்ணீரும் வேறு: ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் ரொறன்ரோத் தண்ணீர், லண்டன் தண்ணீரைவிட வன்மை குறைந்தது. அதனால் கோப்பையின் மேலே ஆடை போலப் படியும் அந்தப் படலம் இங்கே குறைவு. கேத்தலின் அடியில் சுண்ணாம்பும் மெதுவாகவே படியும். சாயம் வேண்டுமென்றால் தமிழ்க் கடையில் சிங்கச் சின்னம் போட்ட இலங்கைத் தேயிலைத் தூளை வாங்குங்கள். லண்டன் பைகளைத் தபாலில் வரவழைப்பதைவிட மலிவு, என் நாக்குக்கு அதைவிட ருசியும் கூட.

மருந்துப் பெட்டி: இங்கே அவசரப்படாதீர்கள்

நாம் பனடோல் என்று சொல்லும் பரசிற்றமோலின் பெயர் கனடாவில் ‘அசெற்றமினோஃபின்’. டைலினோல் என்பது அதன் மிகவும் அறியப்பட்ட வர்த்தகப் பெயர். லண்டன் அங்காடியில் 16 குளிசைக்கு மேல் ஒரு பெட்டியில் வராது. இங்கு நூறு, இருநூறு கொண்ட போத்தல்கள் சாதாரணமாக அடுக்கில் இருக்கும். ஒரு குளிசையில் 325, 500, 650 மில்லிகிராம் என்று வேறுபடுவதால், ‘வழக்கம்போல இரண்டு’ என்ற பழக்கத்தை விட்டுவிட்டு மில்லிகிராமைக் கூட்டிப் பாருங்கள். தடிமலுக்குக் கரைத்துக் குடிக்கும் லெம்சிப்பின் இடத்தில் இங்கு நியோசிற்றன் இருக்கிறது. அதிலும் அசெற்றமினோஃபின் உண்டு என்பதால், அதைக் குடித்துவிட்டு மேலே பனடோலும் போட்டால் அளவு இரட்டிக்கும்.

குழந்தைகளுக்குக் கல்போல் கொடுத்துப் பழகிய தாய்மார் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான கல்போலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் பரசிற்றமோல் இருக்கிறது. கனடாவின் சிறுவர் அசெற்றமினோஃபின் பாணியில் அதே 5 மில்லிலீற்றருக்கு 160 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ இன்னும் செறிவானது: ஒரு மில்லிலீற்றரிலேயே 80 மில்லிகிராம். கல்போல் கரண்டியின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு அந்தச் சொட்டு மருந்தை 5 மில்லிலீற்றர் கொடுத்தால், 120க்குப் பதிலாக 400 மில்லிகிராம் குழந்தையின் உடம்புக்குள் போகும். எனவே பெட்டிக்குள் வரும் அளவுகுழாயை மட்டும் பாவித்து, குழந்தையின் நிறையைச் சொல்லி மருந்தாளரிடம் கேட்டுக் கொடுங்கள். இரவு நேரமானால், ஒன்ராறியோவில் 811 இலக்கத்தை அழைத்துத் தாதி ஒருவரிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

மற்றவை இலகு. ஐபுபுரோஃபன் அதே பெயரில் இருக்கிறது. ஒவ்வாமைக்கான செற்றிரிசினை ரியாக்ரின் என்றும், லொறற்றடினைக் கிளாரிற்றின் என்றும் கேளுங்கள். அஸ்பிரின் என்ற சொல் இங்கு ஒரு நிறுவனத்தின் பதிவுபெற்ற வர்த்தகப் பெயராக இன்னமும் இருப்பதால், ஏனைய நிறுவனங்களின் பெட்டிகளில் ‘ஏ.எஸ்.ஏ.’ என்றுதான் எழுதியிருக்கும். ‘சேர்ஜிக்கல் ஸ்பிரிற்’ வேண்டுமென்றால் ‘றபிங் அல்ககோல்’ என்று கேளுங்கள். கனடாவில் விற்க அனுமதிபெற்ற மருந்தின் பெட்டியில் ‘டி.ஐ.என்.’ என்ற எழுத்துகளோடு எட்டு இலக்க எண் இருக்கும். தெரிந்தவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் குளிசைகளில் அது இருக்காது.

கழுவும் சாமான்கள்

இந்தப் பகுதியில் நிறுவனத்தை அறிந்தால் வேலை முடிந்தது. ஃபெயறி என்ற பாத்திரம் கழுவும் திரவத்தைச் செய்யும் புறொக்ரர் அண்ட் காம்பிள் நிறுவனமே இங்கு டோனைச் செய்கிறது. அதே நிறுவனத்தின் ஏரியலுக்கு இங்கு ரைட், லெனோருக்கு டௌனி, ஃபிளாஷுக்கு மிஸ்ரர் கிளீன். பெர்சில் மாத்திரம் ஏமாற்றும். பெயர் ஒன்றாக இருந்தாலும், பிரித்தானியாவில் அது யுனிலீவருடையது, கனடாவில் ஜேர்மனியின் ஹெங்கெல் நிறுவனத்துடையது. இரண்டும் ஒரே தூள் அல்ல.

‘நொன் பயோ’, அதாவது நொதி சேராத சலவைத் தூள், என்ற வகைப்பிரிப்பு இங்கு இல்லை. பிள்ளையின் தோல் ஒவ்வாமைக்காக அதையே பாவித்தவர்கள், ‘வாசனையற்றது’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல் சேர்பொருட் பட்டியலில் புறோற்றியேஸ், அமைலேஸ் ஆகிய நொதிகளின் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீரின் வன்மை குறைவு என்பதால், லண்டனில் போட்ட அளவைவிடக் கொஞ்சம் குறைத்துப் போடலாம்.

கழிப்பறைக்கு ஊற்றிய தடித்த பிளீச் இங்கு அரிது. அதற்கென்று வளைந்த கழுத்துப் போத்தலில் தனித்திரவம் விற்கிறார்கள். அவற்றில் சில அமிலமானவை. பிளீச்சோடு அமிலமோ அமோனியாவோ சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதால், ஒன்றை ஊற்றிய இடத்தில் மற்றதை ஊற்றாதீர்கள். வெள்ளை வினாகிரியிலும் கவனம் தேவை: சமையலுக்கானது 5 சதவீதம், அதே உருவப் போத்தலில் துப்புரவுக்கானது 10 சதவீதம்.

படுக்கை விரிப்பைக் கொண்டுவந்திருந்தால், லண்டனின் ‘கிங்’ அளவு இங்கு ‘குயீன்’ கட்டிலுக்குத்தான் பொருந்தும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

விலைச்சிட்டையும் திகதியும்

லண்டனில் அடுக்கில் எழுதிய விலைதான் கொடுக்கும் விலை. ஒன்ராறியோவில் மா, பால், மரக்கறி போன்ற அடிப்படை உணவுக்கு வரி இல்லை. ஆனால் சொக்லேற், சவர்க்காரம், சலவைத் தூள் போன்றவற்றுக்குக் காசாளரிடம் 13 சதவீதம் கூடும். மரக்கறிக்கும் இறைச்சிக்கும் இறாத்தல் விலையைப் பெரிதாகவும் கிலோ விலையைக் கீழே சிறிதாகவும் எழுதுவார்கள். மலிவென்று மயங்குவதற்கு முன் சிறிய எழுத்தை வாசியுங்கள். திகதியில் ஆண்டு முதலில் வரும். மாதத்தை இரண்டு எழுத்தில் சுருக்குவார்கள்: ‘எம்-ஆர்’ மார்ச், ‘எம்-ஏ’ மே, ‘ஜே-என்’ ஜூன், ‘ஜே-எல்’ ஜூலை. மே மாதத்தை மார்ச் என்று நினைத்து நல்ல யோகட்டை நான் குப்பையில் போட்டிருக்கிறேன்.

மாற்றே இல்லாதவற்றுக்கு

சிலவற்றுக்கு மாற்று இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கட்பரி சொக்லேற் ரொறன்ரோவின் கிளாட்ஸ்ரன் வீதியிலேயே செய்யப்படுகிறது. ஆனால் லண்டன் கட்டியின் சுவை அதில் இல்லை. அதற்குப் பிரித்தானியச் சாமான் கடைகளோ, அங்காடியின் வெளிநாட்டு அடுக்கோதான் வழி. டைஜெஸ்ரிவ் பிஸ்கட்டை அங்காடிகளிலேயே எடுக்கலாம். லண்டனின் பேர்மண்சியில் தொடங்கிய பீக் ஃபிறீன்ஸ் என்ற பழைய பெயரில் இங்கே அது விற்பனையாகிறது.

ஆனால் பிரித்தானியக் கடையைத் தேடி ஒரு மணித்தியாலம் கார் ஓடுவதற்கு முன்னால், வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையையோ இந்தியக் கடையையோ ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் நமது ஊர்களுக்கு வந்து நம்முடையதாகிவிட்ட ஹோர்லிக்ஸ், கஸ்ரட் பவுடர், டெற்றோல், மால்ற் பிஸ்கட், மார்மைட் எல்லாம் அங்கேதான் அரிசி மூட்டைக்கும் மாசிக் கருவாட்டுக்கும் நடுவில் இருக்கும். எங்கள் தெருவிலிருந்த ஆங்கிலேய மூதாட்டி ஒருவருக்கு மார்மைட் போத்தல் வாங்கிக் கொடுத்தது நான்தான். அவர் அதைத் தேடி நகரத்தின் மறு கரை வரை போய்வந்து கொண்டிருந்தார். இலங்கையில் செய்ததென்று எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, “இது உண்மையானதுதானா?” என்று கேட்டார். அடுத்த கிழமை இரண்டு போத்தல் கேட்டார்.

லண்டனிலிருந்து யாரும் வரும்போது சொல்லி எடுப்பதானால், உடையாத, உருகாத, இறைச்சி சேராத பொருட்களாகச் சொல்லுங்கள். மருந்தென்றால் கடைப் பெட்டியோடும், வைத்தியரின் சிட்டையோடும் கொண்டுவரச் சொல்லுங்கள். பியர்சன் விமான நிலையத்தில் இறங்கும்போது, உணவுப் பொருள் எதுவானாலும் எல்லை அதிகாரிகளுக்கு அறிவித்துவிட வேண்டும். அறிவித்த பொருளைப் பறித்தால் பொருள் மட்டும்தான் போகும். மறைத்தது பிடிபட்டால் தண்டப்பணமும் கட்ட வேண்டி வரலாம்.